பேண்ட்பாஸ் ஃபில்டரில் என் ஒரு வாரத்தைத் தின்ற தவறு, கூடவே சில சில்லறைத் தவறுகள்

பேண்ட்பாஸ் ஃபில்டர் என்பது ஒரு குறிப்பிட்ட அலைவெண் பட்டையை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் சர்க்யூட். புதிதாகப் பழகுபவர்கள் அதைக் கொண்டுவந்து "உச்சி (அதிகம் கடத்தும் அலைவெண்) இடம் மாறி நிற்கிறதே" என்றால், என் கண் முதலில் ஆப்-ஆம்பின், அதாவது சிக்னலைப் பெருக்கும் சில்லின், மேல்தான் போகும். பவர் கொடுக்க மறந்தது, காலை மாற்றிச் செருகியது எல்லாம் அவர்களே பிடித்துவிடுவார்கள். இதை மட்டும் பிடிப்பதில்லை.

எந்த ஆப்-ஆம்பானாலும் சரி என்ற நினைப்பு

40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் ரிசீவருக்கு ஒன்று கட்டினேன். ஒரு ஆப்-ஆம்ப், இரண்டு கெப்பாசிட்டர், மூன்று ரெசிஸ்டர்; வெளியீடு இரு வழியாக உள்ளே திரும்பும் மல்டிபிள் ஃபீட்பேக் அமைப்பு. காயில் இல்லாமலே கூர்மையான உச்சி கிடைக்கும். க்யூ, அதாவது நடு அலைவெண்ணைப் பட்டையின் அகலத்தால் வகுத்தால் வரும் கூர்மை, 10 வைத்தேன். சிமுலேஷனில் உச்சி இம்மி பிசகாமல் 40-இல் நின்றது. பிரெட்போர்டில் 30-க்குப் பக்கத்தில். கெப்பாசிட்டர் மேல் பழி போட்டு, ஒவ்வொன்றாக அளந்து, மாற்றி, ஒரு வாரம் போனது.

குற்றவாளி, டப்பாவில் கிடந்த எல்எம்358. இந்த அமைப்பு உச்சியில் ஆப்-ஆம்பிடம் கேட்கும் கெயின் (பெருக்கம்), க்யூவின் வர்க்கத்தில் இரண்டு மடங்கு. க்யூ 10 என்றால் 200. எல்எம்358-இன் கெயின்-பேண்ட்வித் (கெயினை அலைவெண்ணால் பெருக்கினால் வரும் எல்லை) சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். 40 கிலோஹெர்ட்ஸில் அதன் கையில் இருப்பதே 25. 200-க்கு எங்கே போகும்? உச்சி கீழே சறுக்கிவிடுகிறது. சிமுலேஷனில் நான் வைத்தது குறையே இல்லாத ஆப்-ஆம்ப், அது கேட்டதெல்லாம் கொடுக்கும்.

உள்ளே வரும் சிக்னலை ரெசிஸ்டர் வைத்துக் குறைத்தால் போதாதா என்று வாதாடுவார்கள். வெளியே தெரியும் கெயின்தான் குறையும்; ஆப்-ஆம்பின் சுமை அப்படியே இருக்கும். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

அப்புறம் கெயின்-பேண்ட்வித் 10 மெகாஹெர்ட்ஸ் உள்ள என்இ5532 ஆப்-ஆம்புக்கு மாறி, க்யூ 5 வீதம் இரண்டு நிலை வைத்தேன். 50 கேட்கும் இடத்தில் 250 இருந்தது. உச்சி 2 சதவீதம் போலத்தான் நகர்ந்தது. தரைக்குப் போகும் ரெசிஸ்டரைச் சற்றுக் குறைத்ததும் 40-க்கு வந்துவிட்டது; அதை மாற்றினால் பட்டையின் அகலம் மாறாது.

நடுவைச் சராசரியாக எடுப்பது

தொலைபேசிக் குரலின் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் பட்டைக்கு நடு 1850 அல்ல. பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், சுமார் 1010.

அகலப் பட்டைக்கும் அதே சர்க்யூட்

மேலே சொன்ன பட்டையின் க்யூ 0.33-தான். கீழ் அலைவெண்களைத் தடுக்கும் ஒரு ஹைபாஸ், அதன் பின்னால் மேலுள்ளவற்றைத் தடுக்கும் ஒரு லோபாஸ் போதும்.

ஒற்றை சப்ளை

சிக்னல் மேலும் கீழும் ஆட, சப்ளையின் பாதி வோல்டேஜில் பயாஸ் (நடு நிலை) கொடுங்கள். இல்லையென்றால் அரை அலை காணாமல் போகும்.

கைக்குக் கிடைத்த செராமிக்

ஃபில்டரின் கெப்பாசிட்டருக்கு எக்ஸ்7ஆர் வகை செராமிக் வேண்டாம். சி0ஜி வகை செராமிக், இல்லையென்றால் ஃபிலிம் கெப்பாசிட்டர்.