ரிவோல்வரா பிஸ்டலா? கையைக் கேட்டு வாங்குங்கள்

ஹூஸ்டனில் பெற்றோல் செட் நடத்துகிற மச்சான் போன கிழமை நடுச்சாமத்தில் அழைத்து, "ரிவோல்வர் வாங்கவா பிஸ்டல் வாங்கவா, உனக்குத்தானே துவக்கு தெரியும்" என்றான். காசு ஏற்றுகிற வண்டியில் நாலு வருடம் காவலுக்குப் போனவன் என்பதால் என்னிடம்தான் கேட்பார்கள். சரி, எழுதியே வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிறவர்கள் ஆசைப்பட வேண்டாம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருந்தால் மறியல்தான். லண்டன்காரருக்கு 1997 இலேயே கைத்துவக்கைத் தடைசெய்து கதையை முடித்துவிட்டார்கள், கனடாவில் 2022 ஒக்டோபரோடு கைத்துவக்கு வாங்கல் விற்றலையே நிறுத்திவிட்டார்கள்.

ரிவோல்வரில் சுழல்கிற உருளைக்குள் பெரும்பாலும் 5 அல்லது 6 ரவை இருக்கும். ஒன்று வெடிக்காவிட்டால் விசையை இன்னொருதரம் இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும், யோசிக்க ஒன்றுமில்லை. பிஸ்டலில் பிடிக்குள் செருகுகிற ரவைப் பெட்டி, அதுதான் மகசின்; 9 மில்லிமீற்றர் குளொக் 17 என்ற பிஸ்டல் என்றால் 17 ரவை. ஆனால் வெடிக்காத ரவையையோ சிக்கிய வெற்றுக் கோதையோ, துவக்கின் மேலே முன்பின் ஓடுகிற ஸ்லைடை இழுத்துத்தான் வெளியேற்ற வேண்டும், பிடி தளர்ந்திருந்தாலும் சிக்கும், பயத்தில் கை நடுங்குகிற நேரத்தில் அது தானாக வராது, பழகியிருக்க வேண்டும்.

"பெண்களுக்கு, வயதானவர்களுக்குச் சின்ன ரிவோல்வர்" என்று கடைக்காரர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஸ்லைட் இழுக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் ரிவோல்வரின் பின்பக்கத்தில் இருக்கிற சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைக்காமல் சுட்டால் விசையே 10, 12 இறாத்தல் பாரத்துக்கு வரும், அப்படி இழுக்கும்போது குறி விலகும். குளொக்கில் அதில் பாதிதான். போதாததற்கு, பாரமில்லாத குட்டித் துவக்கு கையை உதைக்கிற உதையில் இரண்டாம் வெடி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

எனக்குப் பெரிய பயம் வேறு. ரிவோல்வரின் உருளையைத் திறந்தால் ரவை இருக்கிறதா இல்லையா என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பிஸ்டலில் மகசினைக் கழற்றிவிட்டு "காலி" என்று நினைக்கிறவர்கள்தான் வீட்டுக்குள் விபத்துக் காண்கிறார்கள், குழலின் பின்பக்கத்தில் ரவை நிற்கிற அறைக்குள் ஒன்று அப்படியே இருக்கும். மகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்துப் பிடித்துக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. சுடுகிற எண்ணம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே. பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் பூட்டுப் பெட்டியும் அதே நாளில் வாங்க வேண்டும், தலையணைக்குக் கீழே என்ற பேச்சே வேண்டாம்.

வாங்கமுன் சுடுதளத்துக்குப் போய் இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஆளுக்கு 50 ரவையாவது சுட்டுப் பாருங்கள். பழக நேரம் ஒதுக்குவீர்கள், ஸ்லைட் சுலபமாக இழுபடுகிறது என்றால் பிஸ்டல். விரலில் பலம் இருக்கிறது, ஆனால் மாதத்துக்கு ஒருக்காகூடப் போகமாட்டீர்கள் என்றால் நடுத்தர அளவில் கொஞ்சம் பாரமான ரிவோல்வர்.

மச்சானிடம் இதைச் சொல்லிவிட்டு, பின்னேரத்தில் கல்லாவில் யார் நிற்பது என்று கேட்டேன். அக்காவாம். அப்படியென்றால் அவதான் முதலில் இழுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்; கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு "அவவுக்கு இன்னும் சொல்லவில்லை" என்றான்.