பினாங்குத் தொழிற்சாலைகளில் கழிவுநீர் வெளியேற்ற ஆவணங்களைச் சரிபார்த்து நடப்பில் வைத்திருப்பது எப்படி?

பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் தொழிற்சாலை நடத்துவோர் சிலர், கழிவுநீரை வெளியேற்றுவதற்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒரு லைசென்ஸ் இருப்பதாக நினைத்து, அதன் காலாவதித் தேதியை மட்டும் கவனிக்கிறார்கள். ஆண்டு லைசென்ஸ் தேவைப்படுவது செம்பனை எண்ணெய் ஆலை, ரப்பர் பதப்படுத்தும் ஆலை போன்ற குறிப்பிட்ட சில இடங்களுக்குத்தான். மற்றத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளுக்கு உட்பட்டவை. அந்த விதிமுறைகள் எழுத்துபூர்வ முன்னறிவிப்பு, சுத்திகரிப்பு நிலையம் பற்றிய பொறியாளரின் உறுதிமொழி, மாதாந்திர அறிக்கை, தகுதிச் சான்று பெற்ற பணியாளர் என்ற நான்கையும் கேட்கின்றன. காலாவதித் தேதி இல்லாத தாள்களே இவற்றில் அதிகம் என்பதால், அவை பழையதாகிப்போனதை யாரும் கவனிப்பதில்லை.

முதலில், உங்கள் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதை வரைபடத்தில் கண்டறியுங்கள். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறமுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ‘ஏ’ தரமும் ஏனைய பகுதிகளுக்கு ‘பி’ தரமும் பொருந்தும். பிஓடி (நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) வரம்பு ‘ஏ’ தரத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம், ‘பி’ தரத்தில் அதைவிட அதிகம். நிக்கல் வரம்பு ‘ஏ’ தரத்தில் 0.2, ‘பி’ தரத்தில் 1.0. சிஓடி (கழிவை இரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) வரம்போ தொழிலின் வகைக்கேற்ப அந்த விதிமுறைகளின் ஏழாவது அட்டவணையில் தனியாக உள்ளது. எந்தத் தரம் என்பதை மாநிலச் சுற்றுச்சூழல் துறை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி சுங்கை மூடாவிலிருந்து வருவதால் இதை அனுமானத்துக்கு விடக்கூடாது. பொதுச் சாக்கடைக் குழாயில் விடுபவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும்.

கோப்புக்கும் ஆலைக்கும் இடையே விரிசல் விழுவது பெரும்பாலும் உற்பத்தி மாறும்போதுதான். வெளியேறும் நீரின் அளவையோ தன்மையையோ குறிப்பிடத்தக்க அளவில் மாற்றக்கூடிய இயந்திர மாற்றத்துக்கும், சுத்திகரிப்பு நிலையத்தில் செய்யும் மாற்றத்துக்கும் வேலை தொடங்கும் முன்பே, 30 நாள் இடைவெளி விட்டு, துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மின்முலாம் பூசும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான நிக்கல் தொட்டிக்குப் பக்கத்தில், மின்சாரமின்றி இரசாயன முறையில் நிக்கல் பூசும் தொட்டி ஒன்று புதிதாக வருகிறது. தண்ணீரின் அளவு சற்றும் கூடுவதில்லை. ஆனால் அந்தக் கரைசலில் உள்ள சிட்ரேட் போன்ற பொருள்கள் நிக்கலைப் பிணைத்துக்கொள்வதால், அதுவரை காஸ்டிக் சோடா சேர்த்ததும் படிந்த உலோகம் இப்போது படியாமல் கடைசிக் குழாய்வரை நீரோடு வந்துவிடுகிறது. கோப்பிலோ பழைய வடிவமைப்புதான் இருக்கும். இதைத் தடுக்க நான் அறிந்த மிகச் சிறந்த வழி, புதிய இரசாயனத்தையும் இயந்திரத்தையும் வாங்கும் படிவத்தில் சுற்றுச்சூழல் அதிகாரியின் கையெழுத்துக்கும் ஓர் இடம் ஒதுக்குவதே. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் மறுஆய்வு, ஜனவரியில் வந்த தொட்டியை டிசம்பரில்தான் காணும்.

குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, துறைக்கு அனுப்பிய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீர் உள்ளே வரும் தொட்டியிலிருந்து கடைசி வெளியேற்றப் புள்ளிவரை நடந்து பாருங்கள். வரைபடத்தில் இல்லாத குழாயும், மூடியே இருக்க வேண்டிய மாற்றுவழி வால்வும், மழைநீர்க் கால்வாயில் கலக்கும் கழுவுநீரும் அப்போதுதான் கண்ணில் படும். சுத்திகரிப்பைத் தாண்டி வெளியேற்றுவதும், தண்ணீர் கலந்து நீர்த்துப்போகச் செய்வதும் தடைசெய்யப்பட்டவை. நீரின் அமில-காரத் தன்மையை அளக்கும் பிஎச் மானி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

சுத்திகரிப்பு நிலையம் இயங்கும் நேரமெல்லாம் தகுதிச் சான்று பெற்றவர் பணியில் இருக்க வேண்டும் என்பதால், இரவு ஷிஃப்ட் அட்டவணையும் இந்தக் கோப்பைச் சேர்ந்ததே. இயற்பிய-இரசாயன முறைக்கும் உயிரியல் முறைக்கும் சான்றிதழ் தனித்தனி. முறை மாறினால் ஆளின் சான்றிதழும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆய்வகத்தின் அங்கீகாரச் சான்றிதழைப் புரட்டி, நீங்கள் அனுப்பும் ஒவ்வோர் அளவுருவும் அதன் பட்டியலில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். சுத்திகரிப்பில் படியும் உலோகக் கசடு ஆலையில் 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ தேங்கக்கூடாது.

வரம்பைத் தற்காலிகமாக மீறுவதற்கான லைசென்ஸ் பெற்றிருந்தால், அதன் தேதியோடு ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியே நாட்காட்டியில் குறித்து, மேம்பாட்டுப் பணி எவ்வளவு முடிந்தது என்பதற்கான சான்றையும் உடன் சேருங்கள். 1970களில் பிறைத் தொழிற்பேட்டைக் கழிவு அருகிலுள்ள கோலா ஜூரு கிராம மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்ததை அறிந்தவர்கள், இந்த லைசென்ஸை நிரந்தர உரிமையாக நினைக்க மாட்டார்கள். 2024ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்தியிருப்பதால், பழைய தொகைகளைக் காட்டும் நிறுவனக் கையேடுகளையும் இதே சுற்றில் மாற்றிவிடுங்கள்.