தண்ணீரை அளக்காமல் பெட்டி வாங்காதீர்கள்: தங்கம் அரிக்கப் புதிதாக இறங்குவோர் செய்யும் தவறுகள்

தங்கம் அரிக்கப் புதிதாக வருகிறவரை அவர் தூக்கிவரும் மூட்டையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஓடும் நீரில் மண்ணை அலசித் தங்கத்தைப் பிடிக்கும் அலுமினிய ஸ்லூஸ் பெட்டி பளபளக்கும், அதற்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு இருக்கும், குழாய்ச் சுருள் இருக்கும். சல்லடை மட்டும் இருக்காது. தொப்பி மறப்பது, மண்வெட்டி மறப்பது எல்லாம் ஒரே நாளில் தானாகத் திருந்திவிடும். கையைக் கடிக்கிற தவறுகள் ஆற்றங்கரைக்கு வருமுன், பொருள் வாங்கும்போதே நடந்து முடிந்துவிடுகின்றன.

தட்டைத் தாண்டிப் பெட்டிக்குத் தாவுவது

முதலில் வேண்டியது ஒரு பிளாஸ்டிக் தட்டு. 14 அங்குலம், அதாவது சுமார் 35 செ.மீ. விட்டம், பச்சை, நீலம் போன்ற அடர்நிறம், ஒரு பக்கம் ஆழமான வரிகள். 16 அங்குலத் தட்டு நிறைய மண் கொள்ளும் என்று ஆசைப்பட்டால் மதியத்துக்குள் மணிக்கட்டு பதில் சொல்லிவிடும். இரும்புத் தட்டு துருப்பிடிக்கும்; அதில் காந்தம் வைத்துக் கருமணலை, அதாவது தங்கத்தோடு அடியில் தங்கும் கனமான இரும்புத்தாது மணலை, பிரிக்கவும் முடியாது.

புதுத் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிசுக்கு பட்ட தங்கத்தூள் மூழ்காமல் நீர்ப்பரப்பில் மிதந்து, கண்ணெதிரே விளிம்பைத் தாண்டிப் போய்விடும். கடைசிக்கட்ட அரிப்பைத் தொட்டித் தண்ணீரில் செய்யும்போது அதில் ஒரு சொட்டுத் திரவ சோப்பு விடலாம். ஓடையில் விடாதீர்கள்.

அந்த இடத்தில் கிடைப்பது மாவு போன்ற தூளா, தவிட்டுச் செதிலா, விரலால் எடுக்கக்கூடிய மணியா என்று காட்டுவது தட்டுதான். அடுத்து வாங்குகிற எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்தது.

பம்பின் லேபிளை நம்பி அகலப் பெட்டி வாங்குவது

ஆண்டுக்கணக்காகப் பார்த்தும் எரிச்சல் அடங்காத தவறு இது.

ஸ்லூஸ் பெட்டிக்குள் குறுக்கே நிற்கும் தடுப்புகளுக்கு ரிஃபிள் என்று பெயர். தண்ணீர் ஒவ்வொரு ரிஃபிளையும் தாண்டும்போது அதன் பின்னால் ஒரு சின்னச் சுழல் உண்டாகும். அந்தச் சுழல் லேசான மணலைக் கிளப்பி வெளியே தள்ளும். கனமானது அடியில் தங்கும். ஒப்படர்த்தி என்பது ஒரு பொருள் அதே கொள்ளளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு. தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3, சாதாரண குவார்ட்ஸ் மணலுக்கு 2.65. நீருக்குள் இரண்டிலும் ஒன்றைக் கழித்துவிட வேண்டும்: 18.3க்கு 1.65. அதாவது ஒரே அளவுள்ள மணலைவிடத் தங்கம் 11 மடங்கு கனம். ஆனால் கருமணலில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத்தாதின் ஒப்படர்த்தி 5.2, நீருக்குள் 4.2. அதைவிடத் தங்கம் நாலே சொச்சம் மடங்குதான் கனம். சுழலுக்கு உண்மையான வேலை இந்தக் கருமணலோடுதான்.

தண்ணீர் போதாவிட்டால் சுழல் செத்துவிடும். கருமணல் ரிஃபிளின் விளிம்புவரை ஏறி, சிமெண்ட் பூசியதுபோல் இறுகும். அதற்குப் பிறகு வருகிற தங்கம், தார்ச்சாலையில் உருளும் கோலிக்குண்டு மாதிரி மேலோடு போய்விடும். வேடிக்கை என்னவென்றால், பெட்டி நிறையக் கருமணலைப் பார்த்து ஆள் பூரித்துப்போவார். மாலையில் அலசிப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் தங்கமே இல்லை" என்று தீர்ப்பு எழுதுவார். அடுத்து, இதைவிட அகலமான பெட்டி வாங்குவார்.

பம்பு லேபிளில் இருக்கும் எண் பெரும்பாலும் தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது. மணிக்கு 1000 அமெரிக்க கேலன் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 63 லிட்டர். 20 லிட்டர் வாளி 19 விநாடியில் நிறைய வேண்டும். அதே பம்பை உங்கள் குழாயில் மாட்டி, பெட்டி நிற்கப்போகும் உயரத்துக்குக் குழாய் முனையைத் தூக்கிப் பிடித்து வாளியை நிரப்பிப் பாருங்கள். 30 விநாடி ஆனால் உங்களிடம் இருப்பது 40 லிட்டர் பம்பு. லேபிளை மறந்துவிடலாம்.

மீதித் தண்ணீரைத் தின்பது உயரமும் உராய்வும். குழாயின் உள்விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு நீரைத் தள்ள வேண்டுமென்றால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகும். எனவே குழாய் பம்பு வாயின் அளவுக்குக் குறையக் கூடாது, தேவைக்கு மேல் நீளமும் கூடாது. 12 வோல்ட் பம்புக்கு மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தாலும் இதே கதைதான்: மின்னழுத்தம் இறங்கும், பம்பு முனகும்.

ஆகவே அளந்த பிறகே பெட்டி. தண்ணீர் குறைவு என்றால் அகலத்தைக் குறையுங்கள். 25 செ.மீ. பெட்டியில் மெல்லிய ஏடாகப் பரவும் நீர், 15 செ.மீ. பெட்டியில் வேலை செய்யும் ஆழத்துக்கு வரும். சரிவு, தொடக்கத்தில் ஒரு மீட்டருக்கு 8 செ.மீ. மண் போடுவதைச் சற்று நிறுத்திவிட்டு ரிஃபிளின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். அங்கே மணல் கொதிப்பதுபோல் ஆடிக்கொண்டு, பள்ளம் பாதி காலியாக இருந்தால் சரி. விளிம்புவரை அசையாமல் நின்றால் நீரோ சரிவோ போதவில்லை. ரிஃபிளுக்கு அடியில் விரித்திருக்கும் பாய் மொட்டையாகத் தெரிந்தால் வேகம் அதிகம். பம்பில்லாமல் ஓடையிலேயே வைக்கும் பெட்டிக்கும் பார்வை இதேதான்.

சல்லடையில் சிக்கனம்

கூழாங்கல்லை நகர்த்தத் தேவையான வேகம் தூள்தங்கத்தையும் அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் சலிக்க வேண்டும். ஏழெட்டு அடுக்கு வேண்டாம். பெட்டிக்கு முன் 12 மி.மீ. கண்; தட்டுக்கு 8 மெஷ், அதாவது சுமார் 2.4 மி.மீ.; தூளைக் கடைசியாகப் பிரிக்க 20 அல்லது 30 மெஷ். மெஷ் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்ற கணக்கு, எண் கூடினால் துளை சிறுக்கும். சல்லடை உங்கள் வாளியின் வாயில் உட்காருகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மேலே நிற்கும் கல்லைக் கொட்டுமுன் ஒரு நோட்டம் விடுங்கள். மணி பெரிதாக இருந்தால் அங்கேதான் நிற்கும்.

டிடெக்டர் எல்லாவற்றையும் சொல்லும் என்ற நம்பிக்கை

மாவுத் தங்கம் மெட்டல் டிடெக்டரின் காதில் விழாது. நாணயம் தேடுவதற்கென்று 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் கருவிகள் சின்ன மணிகளைப் பெரும்பாலும் தவறவிடும். தங்கத்துக்கென்று செய்தவை இதைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடும். இரும்புத்தாது மிகுந்த மண்ணில் அவையும் ஓயாமல் கத்தும்.

வாளியை முழுக்க நிரப்புவது

20 லிட்டர் ஈரச் சரளை 35 கிலோவுக்கு மேல். பாதி போதும்.

வெறும் காந்தம்

பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பயன்படுத்துங்கள். நேராக விட்டால் ஒட்டும் கருமணலோடு தங்கமும் சிக்கிக்கொண்டு போகும்.

பாதரசம்

தங்கத்தூளை ஒட்டிச் சேர்க்க இதைப் பயன்படுத்துவோர் உண்டு; நஞ்சு, எந்த அளவிலும் வேண்டாம்.

அனுமதி

தட்டுக்கு அனுமதி உள்ள பல இடங்களில் மோட்டாருக்கு இல்லை. பம்பு வாங்குமுன் கேளுங்கள்.

கழிவைச் சோதிக்காமல் கருவியைக் குறை சொல்வது

மீன்பிடிக் கடையில் கிடைக்கும் சின்ன ஈயக்குண்டு 10 எடுத்துச் சுத்தியலால் தட்டையாக்குங்கள். தங்கச் செதிலும் தட்டைதான். ஒரு தட்டு மண்ணில் கலந்து, அடியில் ஒரு தொட்டி வைத்து அரியுங்கள். ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3, அதைப் பிடித்து நிறுத்துகிற கை, அதே அளவுத் தங்கத்தையும் நிறுத்தும். பத்தும் திரும்பி வருகிறவரை தொட்டிக் கழிவை மறுபடி மறுபடி அரியுங்கள். பெட்டியைச் சோதிக்கவும் இதே வழிதான்: குண்டுகள் முதல் இரண்டு மூன்று ரிஃபிளுக்குள் நின்றால் அமைப்பு சரி. கடைசி ரிஃபிளில் ஒன்று கிடந்தால் இன்னும் சில வெளியே போயிருக்கலாம். பெட்டி வாயிலுள்ள கழிவுக் குவியலில் தேடி, எண்ணிப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஈயத்தை ஆற்றில் விட்டுவரக் கூடாது.