அப்டேட் தானாக ஏறட்டும், ரீஸ்டார்ட் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்

“அப்டேட் வந்தாலே சிஸ்டம் ஸ்லோ ஆகுது, அதை ஆஃப் பண்ணிக் கொடுத்துடுங்க” என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். நான் பண்ணிக் கொடுப்பதில்லை. அதற்காக எல்லாவற்றையும் அதன் போக்கில் விடச் சொல்வதும் இல்லை, ஏனென்றால் அப்டேட் என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு வேறு வேறு சமாச்சாரங்கள் வருகின்றன.

முதலில் பாதுகாப்பு அப்டேட். இதில் யோசிக்க எதுவும் இல்லை, ஆட்டோமேட்டிக்தான். 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள்கூடத் தள்ளிப்போனதே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அப்டேட் வெளியானதும் திருடர்கள் பழைய ஃபைலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதனால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வாரமும் நமக்கு ஆபத்து கூடத்தான் செய்யும்.

ஆட்களுக்கு உண்மையில் கடுப்பு ரீஸ்டார்ட்மேல்தான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், விண்டோஸ் அப்டேட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே ஆக்டிவ் அவர்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை மேனுவல் ஆக்கி உங்கள் வேலை நேரத்தைக் கொடுங்கள், அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணி நேரம் வரை கொடுக்கலாம், காலை 9 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் கடைக்குத் தாராளம். அதே பக்கத்தில் ரீஸ்டார்ட் தேவைப்பட்டால் அறிவிக்கச் சொல்லும் சுவிட்சையும் ஆன் செய்யுங்கள். மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் காலையில் வெளியாகும், நமக்கு அப்போது இரவு பத்தரை பதினொன்றரை ஆகிவிடும். ஆகவே புதன்கிழமை இரவு கடையை மூடும்போது ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கொடுப்பதைப் பழக்கமாக்கினால் பெரும்பாலும் தொல்லை இருக்காது.

பிரவுசரும் அப்படித்தான். குரோம் அப்டேட்டைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளும், மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். நாற்பது டேப்பைத் திறந்துபோட்டு மூன்று வாரமாக மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோமேட்டிக் ஆனில் இருந்தும் பிரயோஜனமில்லை.

டிரைவர், அதாவது பிரிண்டர் மாதிரிக் கருவிகளை கம்ப்யூட்டரோடு இணைந்து ஓடவைக்கும் மென்பொருள் விஷயத்தில் நான் கறார். ஒரு தீபாவளி நேரம், நண்பரின் ஸ்டேஷனரி கடையில் உட்கார்ந்திருந்தவன் சும்மா இருக்காமல், ஆப்ஷனல் அப்டேட்ஸில் காட்டிய பிரிண்டர் டிரைவரை டிக் செய்து போட்டுவிட்டேன். லேபிள் பிரிண்டர் வெள்ளைத் தாளாகத் தள்ள ஆரம்பித்தது, வரிசையில் ஆள் நிற்கிறார்கள், நண்பர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் சங்கடம். தானாக ஏறிய எதுவும் அங்கே கெடுக்கவில்லை, கெடுத்தது நானாக வலியப் போய்ப் போட்டது. ஓடுகிற பிரிண்டர் ஓடட்டும். பாதுகாப்பு சாராத புதிய அப்டேட்களை மற்றவர்களுக்கு முன்பே இறக்கும், ‘கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ்’ என்று தொடங்கும் சுவிட்சையும் ஆஃபிலேயே விடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்புக்கும் அவசரம் வேண்டாம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய டாகுமெண்ட்ஸ் ஃபைல்களையே அழித்துவிட, சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஓரிரு மாதம் போகட்டும், அதற்குள் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் பேக்கப் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள்.

“அப்போ 2024-இல் ஏர்போர்ட்டெல்லாம் படுத்ததே?” சரிதான். ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான ஃபைல் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில் நிறுத்தியது, இந்தியாவிலும் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது விண்டோஸ் அப்டேட் அல்ல, ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போனதுதான் வினை. பத்து கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ் என்றால் இரண்டில் உடனே ஏறட்டும், மிச்சத்தில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் உள்ள ‘பாஸ்’ (Pause) மூலம் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள் (ஐந்து வாரம் வரை கொடுக்கலாம், நான் ஒன்றுக்கு மேல் போகமாட்டேன்). பில் கவுண்டரில் கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்றும் கிடக்கட்டும்.

இன்னும் விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்கு ஆட்டோமேட்டிக் ஆனில் இருப்பது போதாது. 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால்தான் பாதுகாப்பு அப்டேட் வரும்.

அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது மக்கர் செய்தால் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். தேதி பார்த்துக் கடைசியாக ஏறியதை எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு ஒரு வாரம் பாஸ் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது திரும்பவும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.