கையிலேயே காசு கொடுப்பது எப்படி

வவுனியா பஸ் நிலையம், கிளிநொச்சிச் சந்தை வாசல், முறிகண்டிப் பிள்ளையாரடி என்று இலங்கையின் வடக்கே ஏ9 வீதி நெடுகிலும் தெருவையே நம்பிச் சீவிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு கொடுப்பதா, சாப்பாடு வாங்கிக் கொடுப்பதா என்று கேட்டால், பெரும்பாலும் காசுதான் நல்லது. சொதி விட்டுக் கட்டிய சோற்றுப் பார்சல் வன்னி வெயிலில் பின்னேரத்துக்குள் பழுதாகிவிடும். பல்லில்லாத ஆச்சிக்கு மிக்சர் பயன்படாது. நீரிழிவு உள்ளவருக்கு சோடாவும் கேக்கும் கெடுதல். சவர்க்காரம், மாதவிலக்குத் துணி, கிளினிக்குக்குப் போகும் பஸ் காசு, பொதுக் கழிப்பறைக் கட்டணம் எல்லாம் அன்னதானத்தில் கிடைப்பதில்லை. ஒருவருக்கு இன்றைக்கு எது முட்டு என்பது அவருக்குத்தான் தெரியும்.

எவ்வளவு கொடுக்கலாம்? கடையில் ஒரு மரக்கறிச் சாப்பாடு என்ன விலையோ, அதற்குக் குறையாமல் கொடுங்கள். இருபது ரூபாவுக்கு இன்று ஒரு பிளேன்ரீயும் வராது. அப்படிப் பல பேர் தரும்வரை வெயிலில் குந்தியிருந்தால்தான் ஒரு நேரம் வயிறு நிறையும். ஐந்து பேருக்கு நூறு நூறாகப் பிரிப்பதைவிட ஒருவருக்கு ஐந்நூறு கொடுத்தால், சாப்பிட்டது போக மருந்துக்கோ பஸ்ஸுக்கோ மிஞ்சும்.

அதற்காக 5000 ரூபாத் தாளை நீட்டாதீர்கள். அழுக்குச் சட்டையோடு ஒருவர் அந்தத் தாளைக் கொண்டுபோனால், 'இது எங்கால எடுத்தனீ?' என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். மாற்றித் தர மறுப்பார், சில வேளை பொலிசுக்கும் சொல்லிவிடுவார். பெரிய தொகை கொடுப்பதானால் ஐந்நூறும் நூறுமாகக் கொடுங்கள். கிழிந்த தாளும் ஒட்டுப் போட்ட தாளும் வேண்டாம். நீங்கள் நீட்டினால் வாங்கும் கடைக்காரர், அவர் நீட்டினால் வாங்கமாட்டார்.

வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னரே தாள்களைத் தனித்தனியாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சனத்துக்கு நடுவில் நின்று பேர்சைத் திறந்தால் இரண்டு வில்லங்கம் வரும். நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். அதோடு, யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று எல்லாரும் பார்த்துவிடுவார்கள். தெருவில் படுப்பவரிடம் காசு இருப்பது நாலு பேருக்குத் தெரிந்தால் இரவில் அது பறிபோகும், அடியும் விழும். ஆகவே பொழுதுபட்ட பிறகு கொடுப்பதிலும் காலையில் கொடுப்பது நல்லது. கடை திறந்திருக்கும், இருட்ட முன் செலவழிக்கலாம். முறிகண்டியில் வாகனம் நின்றதும் பலர் ஒன்றாக வருவார்கள். அங்கே எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கத் தாள்களை எண்ணிக்கொண்டு போங்கள். தாள் முடிந்தால் 'முடிஞ்சுதம்மா' என்று நேரே சொல்லலாம், கோபிக்கமாட்டார்கள்.

எந்த நாள் என்பதும் கவனிக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் சில்லறை சேரும், சனிக்கிழமை தோஷம் கழிக்க வருபவர்கள் போடுவார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் மடு மாதா கோயில் திருவிழாவுக்கும் கேட்கவே வேண்டாம். புதன் வெறுமையான நாள். கொடுப்பதைப் புதன்கிழமை கொடுங்கள். இன்னொன்று, தலையைச் சுற்றிக் கழித்த காசைத் தயவுசெய்து ஒருவரின் கையில் போடாதீர்கள். உங்கள் பீடையை அவர் ஏன் சுமக்க வேண்டும்?

கொடுக்கும் விதம்: முதலில் கதையுங்கள். 'சாப்பிட்டாச்சோ ஆச்சி?', 'எப்பிடி ஐயா இருக்கிறியள்?' என்று வயதுக்கேற்ற முறை சொல்லிக் கேளுங்கள். இளையவராக இருந்தாலும் தம்பி, தங்கச்சி என்று கூப்பிட்டு, 'நீங்கள்' என்றே பேசுங்கள். மடுவிலும் வவுனியாவிலும் சிங்களம் மட்டுமே பேசுபவரும் இருப்பார். அவருக்கு 'அம்மே' (அம்மா), 'தாத்தே' (அப்பா) போதும். நிலத்தில் இருப்பவர் முன் நின்றுகொண்டு போடாமல், குனிந்து வலக்கையால் கையில் கொடுங்கள். இரண்டு ஊன்றுகட்டையில் நிற்பவருக்குக் கை ஓய்வாக இல்லை. காசை வாங்க அவர் ஒரு கட்டையைக் கக்கத்தில் இறுக்கிச் சமாளிக்க வேண்டும். 'எதில வைக்க?' என்று கேட்டால் பையைக் காட்டுவார்.

கண் தெரியாதவருக்குத் தாளின் மதிப்பைக் காதோடு சொல்லுங்கள். இலங்கைத் தாள்கள் 20இலிருந்து 1000 வரை மதிப்புக் கூடக் கூட நீளமும் சற்றுக் கூடும், ஓரத்தில் தடவிப் பார்க்கப் புள்ளிகளும் உண்டு. ஆனால் பழைய தாளில் புள்ளி தேய்ந்து போயிருக்கும். 'இது ஐந்நூறு ஐயா, தனிய மடிச்சு வைச்சிருக்கிறன்' என்று மெல்லச் சொன்னால் கடையில் ஏமாறமாட்டார்.

படம் எடுக்காதீர்கள். போருக்குப் பிறகு வன்னியில் உதவி என்றாலே கைபேசிக் கமராவும் சேர்ந்து வருகிற பழக்கம் வந்துவிட்டது. அழச் சொல்லி, காலில்லாததைக் காட்டச் சொல்லி எடுத்த படம் அவரின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர்கள் ஆதாரம் வேண்டும் என்றால், கொடுத்தவர் பேச்சை நம்பட்டும், அல்லது தாங்களே விடுமுறையில் வந்து கொடுக்கட்டும்.

'கசிப்புக்குப் (கள்ளச் சாராயத்துக்கு) போகாதே' என்று புத்தி சொல்லிக் கொடுப்பதும் வேண்டாம். கொடுத்த பிறகு அது அவர் காசு. குடிவெறியில் நிற்பவரைக் கண்டால் மறுநாள் காலையில் கொடுங்கள். நித்திரையில் இருப்பவர் அருகில் காசு வைத்தால் வேறொருவர் எடுத்துப் போவார், திரும்பி வரும்போது கொடுக்கலாம். வெயிலில் அசைவில்லாமல் கிடந்தால் அது நித்திரைதானா என்று கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

காசு சரிவராத இடங்களும் உண்டு. பிள்ளை கை நீட்டினால் காசு கொடுக்காதீர்கள். அந்த வருமானமே அதைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் வைத்திருக்கும். இருந்து சாப்பிட வையுங்கள், 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்குச் சொல்லுங்கள். சற்றுத் தள்ளி ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், காசு அவரிடம்தான் போகும். அங்கேயும் சாப்பாடுதான். மனநோயால் தாளைக் கிழித்துப் போடுபவருக்கு, அவர் சுற்றித் திரியும் இடத்துத் தேநீர்க் கடையில் காசு கட்டிவிடலாம். ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் நாலாம் நாள் மறந்துபோகும். மூன்று நாளுக்குக் கட்டி, போய்ப் பார்த்து, மீண்டும் கட்டுங்கள்.

ஒரே ஆளை அடிக்கடி சந்தித்தால், அடையாள அட்டை இருக்கிறதா என்று ஒருநாள் கேளுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பதும், அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம் பெறுவதும் கஷ்டம். இடம்பெயர்ந்தபோது தொலைத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் பலர். தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பதிவுபெற்ற ஸ்ரூடியோவில் எடுத்த படத்தின் சிட்டை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எல்லாம் வேண்டும். தெருவில் இருப்பவரை அந்த ஊர்க் கிராம அலுவலருக்குத் தெரியாது. பழைய ஊருக்குத்தான் போக வேண்டும், ஒரு தடவையில் முடியாது. போய்வரும் பஸ் காசு, கட்டணம், படம் எடுக்க முன் முகம் வழிக்கும் செலவு, போட ஒரு தோய்த்த சட்டை என்று கணக்குப் பார்த்து, முடியுமானால் நீங்களும் கூடவே பஸ் ஏறுங்கள்.