ஐப்பசிக்கு முன்பே திறக்க வேண்டிய பூட்டு

தெருவில் நாலு பேர் காய்ச்சலில் படுத்த பிறகுதான் நமக்குக் கொசு நினைவுக்கு வருகிறது. புகை அடிக்கும் வண்டி வந்து போனதும் எல்லோருக்கும் நிம்மதி. புகை சாகடிப்பது பறக்கிற கொசுவை மட்டும். தண்ணீரில் நெளியும் புழுவுக்கும், பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் முட்டைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், சாக்கடைக் கொசு அல்ல. தேங்கிய நல்ல தண்ணீரை ஒட்டி, பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு கிடக்கும். மறுபடி நனைந்தால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் அண்டாவைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்பது தப்புக் கணக்கு. தேங்காய் நாரைப் போட்டு உள்பக்கத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். கோடையில் பூட்டிவிட்டுப் போன வீட்டை ஒரு கல்யாணத்துக்காகத் திறந்து, தேய்க்காத அண்டாவில் தண்ணீர் பிடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பூட்டிய வீடுதான் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள் எத்தனை! நாலு பக்கத்து ஓட்டு மழையும் நடு முற்றத்தில்தான் விழும். தூம்பில் சருகு அடைத்துக்கொண்டால் முற்றமே குட்டி ஊருணி. கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து தட்டுவார்.

"சாவி யாருகிட்டண்ணே இருக்கு?"

"ஏழு பங்காளி தம்பி. சாவி சென்னையில."

நோட்டில் 'பூட்டு' என்று குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். அவர் வேறென்ன செய்ய முடியும்? பங்காளிகள் கூடிப் பேசி ஒரு மாற்றுச் சாவியை ஊரிலேயே கொடுத்து வைக்கலாம். ஆடி, ஆவணியிலேயே சருகை அள்ளி, அண்டா, கிடாரத்தைத் தேய்த்துக் கவிழ்க்க ஒரு ஆளுக்கு ஒருநாள் கூலிதான் ஆகும். ஓடு மாற்றுகிற செலவோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு செலவா?

டெங்கு மழைக்காலத்தில் மட்டும் வரும் நோய் என்று நினைப்பதும் தவறு. ஊருணி வற்றி, குழாய்த் தண்ணீர் நாலு நாளுக்கு ஒருமுறை வந்தால், வீட்டுக்கு வீடு மூடியில்லாத ட்ரம் முளைக்கிறது. வறட்சியும் கொசுவுக்கு வசதிதான். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை பெய்கிறபோது கொட்டித் தீர்க்கிறது. கொசுவின் உடலுக்குள் வைரஸ் பெருகுவதற்கு ஆகும் நாளும் வெயிலில் குறைகிறது. கொட்டுகிற மழையை ஊருணிக்குக் கொண்டுபோன வரத்துக்காலை மண்ணடித்து மனை போட்டுவிட்டு, தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று புலம்பி என்ன பயன்?

வெயிலுக்குப் பயந்து முற்றத்தைத் தகரத்தால் மூடுகிறவர்களும் உண்டு. சூடான காற்று மேலேறி வெளியே போகும் வழியே அதுதான். அதை அடைத்துவிட்டு ஏசிக்குக் கரண்ட் பில் கட்டுகிறார்கள். கொசுவலை அடித்தால் காற்றும் போகும், கொசுவும் வராது.

கடைசியாக, காய்ச்சல் வந்தவர்கள் செய்யும் தவறு. உடம்புவலிக்கு மருந்துக்கடையில் புரூஃபனோ ஆஸ்பிரினோ வாங்கிப் போடக் கூடாது, ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது "சரியாப் போச்சு" என்று ஆச்சி குளிக்க வைத்துவிடுவார். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், மயக்கம் - இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.