குரூஸ் கப்பலில் டிப்ஸ்: டிக்கெட் போடுவதிலிருந்து இறங்கும்வரை யாருக்கு, எவ்வளவு, எப்போது?

குரூஸ் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு "அட, ஏழு நாளுக்கு இவ்வளவுதானா!" என்று துள்ளிக் குதிப்பவர்கள், கடைசி நாள் பில் வரும்போது கொஞ்சம் அடங்கிப் போவார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற அளவுக்குப் போகாது என்றாலும், டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்தால் கையைக் கடிக்கத்தான் செய்யும். அதிலும் ஒரே வேலைக்கு இரண்டு தடவை டிப்ஸ் கொடுத்துவிட்டு, கொடுக்க வேண்டிய இடத்தில் சில்லறை இல்லாமல் கையைப் பிசைவதுதான் முதல் தடவை போகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தினசரி வசூலாகும் தொகையை டிப்ஸ் என்று நினைக்காதீர்கள், டிக்கெட் விலையின் மறைந்திருக்கும் ஒரு பகுதி என்று நினையுங்கள். நீங்கள் மனமுவந்து கையில் கொடுப்பதுதான் உண்மையான டிப்ஸ். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கணக்கு.

படி 1: விலையில் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்

டிக்கெட் போடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். ராயல் கரீபியன், கார்னிவல், நார்வீஜியன், எம்.எஸ்.சி., பிரின்சஸ் போன்ற பெரிய நிறுவனங்களில் பொதுவாகத் தினசரித் தொகை தனி. ரீஜென்ட் செவன் சீஸ், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்தரக் கப்பல்களில் விலையிலேயே சேர்ந்துவிடும். பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019இல் தினசரி டிப்ஸை எடுத்துவிட்டு விலையோடு சேர்த்துவிட்டது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு நிறுவனம் 'கிராஜுவிட்டி' என்று போடும், இன்னொன்று 'சர்வீஸ் சார்ஜ்', வேறொன்று 'ஹோட்டல் சர்வீஸ் சார்ஜ்', பிரின்சஸில் 'க்ரூ அப்ரிசியேஷன்'. எல்லாம் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். கட்டாயக் கட்டணங்களை ஒளித்துவைக்காமல் மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் வந்தது. அதையொட்டிப் பெரிய நிறுவனங்கள் துறைமுகக் கட்டணம், வரி எல்லாவற்றையும் சேர்த்தே விலை காட்டத் தொடங்கின. டிப்ஸ் மட்டும் அதில் வரவில்லை. ஏன் என்றால், ஏட்டளவில் அது 'விருப்பத் தொகை'. அதனால் 'வரி, கட்டணம் உட்பட' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் டிப்ஸும் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

இந்தத் தொகை கேபினுக்கு அல்ல, ஆளுக்கு. அதுவும் ஒரு இரவுக்கு. சமீப ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர், சூட் அறைகளுக்கு அதைவிட இரண்டு, மூன்று டாலரிலிருந்து ஐந்து டாலர்வரை கூடுதல். அடிக்கடி ஏற்றுகிறார்கள், ஆகவே உங்கள் கப்பலுக்கான இன்றைய தொகையை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஏழு இரவு. ஆளுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவுக்கு 72 டாலர், ஏழு இரவுக்கு 504 டாலர். சுளையாக ஐநூறு டாலர், இன்னும் ஒரு கிளாஸ் ஜூஸ்கூட வாங்கவில்லை.

'மூன்றாவது, நான்காவது ஆளுக்கு டிக்கெட் இலவசம்' என்ற விளம்பரத்தில்தான் பலர் சறுக்குவார்கள். டிக்கெட்தான் இலவசம், அவர்களுக்கும் டிப்ஸ் முழுசாக உண்டு. பிள்ளைகளுக்கான விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: கார்னிவலில் 2 வயதுக்குக் கீழ் கிடையாது, நார்வீஜியனில் 3 வயதுக்குக் கீழ் கிடையாது, ராயல் கரீபியனில் கைக்குழந்தைக்கும் உண்டு. தனியாகப் போகிறவருக்கு ஒரு சின்ன ஆறுதல். டிக்கெட்டுக்கு இரண்டு பேர் விலை கொடுக்க வேண்டி வந்தாலும் டிப்ஸ் ஒரு தலைக்குத்தான்.

இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல், இந்தத் தொகையையும் கூட்டி ஒப்பிடுங்கள். 'விலை அதிகம்' என்று ஒதுக்கிய கப்பல் சில சமயம் மலிவாகவே வந்து நிற்கும்.

படி 3: முன்பணமா, கப்பலில் போய்க் கட்டுவதா

இரண்டு வழி இருக்கிறது. புக்கிங் செய்யும்போதோ பிறகு ஆப் மூலமாகவோ முன்கூட்டியே கட்டிவிடலாம். இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் உங்கள் கப்பல் கணக்கில் ஏறிக்கொண்டே வரும், கடைசியில் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

நான் முன்பணத்தின் பக்கம். கட்டணம் ஏற்றப்போவதாக அறிவிப்பு வந்தால், அதற்கு முன்பே கட்டியவர்களுக்குப் பழைய தொகையையே வைத்துக்கொள்வது வழக்கம். விடுமுறை முடிந்து வீடு திரும்பும்போது பெரிய பில் துரத்தாது என்பதும் ஒரு நிம்மதி. ஆனால் 'ஆன்போர்டு கிரெடிட்' என்று கப்பலில் செலவழிக்க ஏதாவது தொகை பரிசாகக் கிடைத்திருந்தால், முன்கூட்டியே கட்டாமல் விட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம். பல நிறுவனங்களில் அந்தத் தொகையிலிருந்தே தினசரி டிப்ஸ் கழிந்துவிடும். செலவழிக்காத கிரெடிட் பெரும்பாலும் கடைசி நாளோடு காலாவதியாகிவிடும். அதைத் தீர்க்க வேண்டுமே என்று வேண்டாத டி-ஷர்ட் வாங்குவதற்கு இது எவ்வளவோ தேவலை.

அது சரி, இந்தப் பணம் யாருக்குப் போகிறது?

உங்கள் அறையைப் பார்த்துக்கொள்ளும் கேபின் ஸ்டூவர்ட், சாப்பாட்டுக் கூடத்து வெயிட்டர், உதவி வெயிட்டர் ஆகியோருக்குப் பெரும்பங்கு. நீங்கள் கண்ணாலேயே பார்க்காத சலவை, சமையல்கட்டு ஆட்களுக்கும் பல நிறுவனங்களில் பங்கு உண்டு. முன்னெல்லாம் இப்படி இல்லை. தினமும் ஒரே மேஜை, ஒரே வெயிட்டர், கடைசி இரவில் ஒரு கவரில் பணம் போட்டுக் கையில் கொடுப்பார்கள். 2000இல் நார்வீஜியன் நிறுவனம் 'ஃப்ரீஸ்டைல்' என்று, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் சாப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் பரிமாறினால் கவரை யாரிடம் நீட்டுவது? அதனால் தினசரித் தொகையாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் பரவியது. டிஸ்னி கப்பல்களில் வெயிட்டர்களும் உங்களோடு சேர்ந்தே ஒவ்வொரு உணவகத்துக்கும் மாறி வருவார்கள். அங்கே கடைசி இரவுக் கவர் பழக்கம் இன்னும் இருக்கிறது.

பெரும்பாலான குரூஸ் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா போன்ற இடங்களில் பதிவானவை. அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்த ஊழியர்களுக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பதே 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வைத்திருக்கும் அளவுகோல். சம்பளத்தை முதலாளி நேராகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று எனக்கும் தோன்றும். அந்த வாதத்தை ஸ்டூவர்டின் வருமானத்தில் வைத்து நடத்த வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

படி 4: பில்லைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

இந்தப் படியில்தான் பணம் சத்தமில்லாமல் ஒழுகும். தினசரித் தொகை பார், ஸ்பா, கட்டண உணவகம் இவற்றுக்குப் பொருந்தாது. அங்கெல்லாம் தனியாக, பொதுவாக 18 முதல் 20 சதவீதம்வரை, தானாகவே சேர்த்துவிடுவார்கள்.

பாரில் ஒரு ரசீது நீட்டுகிறார்கள் என்று வையுங்கள். மேலே பானத்தின் விலை 12.00. அதன் கீழே 18 சதவீத கிராஜுவிட்டி 2.16. மொத்தம் 14.16. அதற்கும் கீழே ஒரு காலிக் கோடு, 'கூடுதல் டிப்ஸ்' என்று. அப்புறம் இன்னொரு காலிக் கோடு, கையெழுத்துக்கு. வெளிச்சம் குறைவு, பாட்டு சத்தம், பின்னால் ஆள் நிற்கிறார். அந்த முதல் கோட்டைப் பார்த்ததும் 'ஓ, டிப்ஸ் இங்கே எழுத வேண்டும் போல' என்று 2 டாலர் எழுதிவிடுவோம். இரண்டாவது தடவை கொடுத்தாயிற்று. அந்தக் கோடு காலியாக இருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு கோடு கிழித்துவிட்டு, மொத்தத்தை எழுதி, கையெழுத்துப் போடுங்கள். நல்ல கவனிப்பு என்று தோன்றினால் தெரிந்தே ஒரு டாலர் சேருங்கள், அது வேறு.

'இலவச' டிரிங்க்ஸ் பேக்கேஜிலும் (பானங்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாக விலை வைக்கும் திட்டம்) இதே கதை. பேக்கேஜ் இலவசமாக இருக்கலாம், ஆனால் அதன் முழு விலைக்கான சர்வீஸ் சார்ஜை உங்களிடம் வாங்கும் திட்டங்கள் உண்டு. பேக்கேஜ் விலை ஒரு நாளைக்கு 100 டாலர், சர்வீஸ் சார்ஜ் 20 சதவீதம் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 டாலர். இரண்டு பேருக்கு ஏழு நாளைக்கு 280 டாலர். மது தொடாதவர்களுக்கு இது வீண் செலவு. 'வேண்டாம்' என்று சொல்ல வழி இருக்கிறதா என்று புக்கிங்கின்போதே கேளுங்கள். பேக்கேஜ் இருக்கும்போது ஒவ்வொரு கிளாஸுக்கும் தனி டிப்ஸ் தேவையில்லை, ஏற்கெனவே கட்டியாயிற்று.

படி 5: கையில் சில்லறை

கப்பலுக்குள் எல்லாம் கார்டில்தான் ஓடும். ஆனாலும் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் எடுத்துப் போங்கள். கப்பல் ஏ.டி.எம்.மில் கட்டணம் தீட்டிவிடுவார்கள். கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டரில் சில்லறை மாற்றலாம், கடைசி நாளில் எல்லோரும் அதற்கே வந்து நிற்பார்கள். முதல் இரண்டு நாளுக்குள் மாற்றிவிடுவது நல்லது.

சில்லறை எங்கே செலவாகும்? துறைமுகத்தில் பெட்டி தூக்குபவர்கள் முதல் ஆள். அவர்கள் கப்பல் ஊழியர்கள் அல்ல, உங்கள் தினசரித் தொகையில் அவர்களுக்கு ஒரு காசும் போகாது. அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டிக்கு ஒன்று, இரண்டு டாலர் கொடுப்பது வழக்கம். அறைக்குச் சாப்பாடு கொண்டுவருபவருக்கு இரண்டு முதல் ஐந்து டாலர் கொடுக்கலாம், சர்வீஸ் சார்ஜ் சேர்த்த ரசீதாக இருந்தால் அவசியமில்லை. கரையில் சுற்றிக்காட்டும் கைடு, வேன் டிரைவர் இவர்களும் கணக்கில் வராதவர்கள். அந்தந்த நாட்டு வழக்கத்தைப் பார்த்துக் கொடுங்கள், ஜப்பானில் டிப்ஸ் நீட்டினால் சங்கடப்படுவார்கள்.

கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. முயற்சி செய்யவே வேண்டாம்.

கேபின் ஸ்டூவர்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் எப்போது கொடுப்பது? குழந்தைக்குத் தனிப் படுக்கை, நாள் தவறாமல் ஐஸ் என்று ஏதாவது வேண்டியிருந்தால், முதல் நாளே ஒரு சிறு தொகையோடு பெயர் கேட்டு அறிமுகம் செய்துகொள்ளலாம். மற்றபடி கடைசி மாலை போதும். நேரில் பார்த்துக் கையில் கொடுங்கள். மேஜைமேல் வைத்துவிட்டு வந்தால் மறந்து விட்டுப்போனதோ என்று அவர் எடுக்கத் தயங்கக்கூடும். பணம் கொடுக்க முடியாவிட்டாலும், பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதுங்கள். பதவி உயர்வின்போது அந்த நாலு வரிக்கு மதிப்பு இருக்கிறது.

படி 6: குறை இருந்தால்

பல நிறுவனங்களில் தினசரித் தொகையைக் கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டரில் சொல்லிக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். முன்பணமாகக் கட்டியிருந்தால் கப்பலில் வைத்து மாற்ற முடியாமல் போகலாம், அதற்குத் தனி நடைமுறை இருக்கும். கப்பல் கணக்கில் ஏறும் தொகையென்றால் இறங்கும் முன்பே செய்ய வேண்டும்.

ஆனால் அது கடைசி ஆயுதமாக இருக்கட்டும். அறை சுத்தமாக இல்லையென்றால் இரண்டாம் நாளே சொல்லுங்கள், அன்றைக்கே ஆள் வந்து சரிசெய்துவிடுவார். கடைசி நாள்வரை பொறுத்திருந்துவிட்டு மொத்தத்தையும் வெட்டினால், உங்கள் துண்டைத் துவைத்த ஆள் வயிற்றிலும் சேர்த்து அடித்ததாக ஆகும். 'தினசரித் தொகையை நீக்கிவிட்டு நானே நேரில் கொடுக்கிறேன்' என்பவர்கள் உண்டு. சில கப்பல்களில், தொகையை நீக்கிய பயணி கொடுக்கும் ரொக்கத்தை ஊழியர் பொது நிதியில் சேர்த்துவிட வேண்டும் என்று விதி. நேரில் கொடுத்த திருப்தி உங்களுக்கு மட்டும்தான் மிஞ்சும்.

படி 7: கடைசி இரவுக்கு முந்தைய நாள் கணக்கைப் பாருங்கள்

கடைசி இரவல்ல, அதற்கு முந்தைய நாள். ஆப்பிலோ அறை டிவியிலோ உங்கள் கணக்கு வரிவரியாக இருக்கும். முன்பணம் கட்டியிருந்தும் தினசரித் தொகை மறுபடி ஏறியிருக்கிறதா, ஆன்போர்டு கிரெடிட் கழிந்திருக்கிறதா, நீங்கள் குடிக்காத காபிக்குச் சர்வீஸ் சார்ஜ் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தப்பு இருந்தால் உடனே கவுன்டருக்குப் போங்கள். கடைசி மாலையில் அங்கே வரிசை வராண்டாவரை நீளும்.

ஆற்றுக் கப்பலில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்கே கடைசி நாளில் கவரில் போட்டுக் கொடுக்கும் முறையே இன்னும் பரவலாக இருக்கிறது. ஒரு கவர் ஊழியர்கள் எல்லோருக்கும், இன்னொன்று பயண மேலாளருக்கு. எவ்வளவு என்ற பரிந்துரை பயணக் குறிப்பேட்டிலேயே இருக்கும். டாக், சீனிக் போன்ற நிறுவனங்களில் இதுவும் விலையிலேயே அடங்கிவிடுகிறது.

வீடு திரும்பிய பிறகும் ஒரு வாரத்துக்குக் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். மினிபார் போன்ற சில்லறைத் தொகைகள் தாமதமாக வந்து சேரும். கப்பலில் கொடுத்த இறுதி பில்லை அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.